அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பயன்பட்ட கருத்து

கண்ணாடிப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம், குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர் அவர். பின்னால் வெள்ளை விளக்கு எரியும் ஒரு பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். காலிப் பாட்டில்கள் வரிசை கட்டி ஓடும். கீறல், குமிழி, கோணல் கழுத்து, எது கண்ணில் பட்டாலும் அந்த நொடியே பாட்டிலை எடுத்து உடைசல் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நல்ல பாட்டிலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு நொட்டை என்று பெயர் வைத்தார்கள். நேரில் கூப்பிடும்போது மரியாதைக்கு வாலில் ஒரு 'யார்' சேர்த்து, நொட்டையார்.

பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். நிர்வாகம் எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்திருந்தது. நொட்டையாருடையது உறைகூடப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. "விரிசல் விட்ட பாட்டிலோட சத்தமே வேற. கண்ணுக்கு முன்னாடி காது சொல்லிடும் எனக்கு. அதை மூடிக்கிட்டு நான் என்னத்தப் பார்க்குறது?" என்பார். மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். காது அவருடைய பெருமை.

ஓய்வு பெற்ற பிறகு பகல் சாப்பாடு முடிந்ததும் மனைவியோடு கூடத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கமாயிற்று. அதில்தான் தகராறு ஆரம்பித்தது. சண்டை வந்தால் சத்தம் காதைப் பிளக்கிறது, பாட்டு வந்தால் ஜன்னல் அதிர்கிறது, ஆனால் ஆள் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை. "இந்தக் காலத்து நடிகனுங்களுக்கு வாய் திறந்து பேச வரலை. எல்லாம் முணுமுணுப்பு" என்று திட்டினார். அப்புறம் தொலைக்காட்சிப் பெட்டியைத் திட்டினார். கடைசியில் ஹோம் தியேட்டர் ஒன்று வாங்கினால்தான் தீரும் என்று முடிவு கட்டினார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தரையில் உறுமுவதற்குப் பெரிய பெட்டி ஒன்று. இவை அத்தனைக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு ரிசீவர்.

ரிசீவர் தேடுவதில் இரண்டு மாதம் போயிற்று. விலை குறைந்ததாகவும் இருக்க வேண்டும், குறையில்லாததாகவும் இருக்க வேண்டும். விற்கிறவன் சொல்வது எதையும் அவர் நம்பவில்லை. "வித்தவன் வாயில விளம்பரம், வாங்கினவன் வாயில உண்மை" என்று சொந்தமாக ஒரு பழமொழியே உண்டாக்கிக்கொண்டு, வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தார். சூடாகிறதாம். ரிமோட் பொத்தான் சின்னதாம். ஒருவருக்குப் பெட்டி நசுங்கி வந்ததாம். நோட்டு முடிந்தபோது, இருப்பதற்குள் குறைச்சலாக நொட்டை சொல்லப்பட்ட ஒன்றை வாங்கினார்.

பெட்டி வந்த மறுநாள், பொருத்திக் கொடுக்கக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது. நீலச் சட்டை, தோளில் கருவிப் பை, இடது கன்னத்தில் ஒரு மச்சம். ஒயர்களை அளந்து வெட்டி, முனை சீவி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் முறுக்கினாள். பிறகு மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நொட்டையார் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அவர் காது இருக்கும் உயரத்துக்கு ஒரு சின்ன மைக்கை நிறுத்தி வைத்து, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். பெட்டி தானே ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் எழுப்பி, அந்த மைக் வழியாகத் தானே கேட்டு, அளவு சரிசெய்துகொண்டது.

கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற நொட்டையாருக்கு இது பெரிய ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. கூலி வாங்கியவள் சும்மா நிற்கிறாள், பெட்டி வேலை செய்கிறது!

சோதனைக்கு ஒரு படம் போட்டாள். சமையலறையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மெதுவாகப் பேசிக்கொள்ளும் காட்சி.

"கேட்குதா சார்?"

"சத்தம் வருது. பேச்சு வரலை."

நடு ஸ்பீக்கரை இரண்டு படி ஏற்றினாள். "இப்ப?"

"அதே கதைதான்."

இன்னும் இரண்டு படி ஏற்றினாள். அப்போது அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு என்னவோ கேட்டாள். பதில் மனைவியிடமிருந்து வந்தது. அந்தப் பெண் மனைவியைப் பார்த்தாள். மனைவி ஜன்னல் திரையைப் பார்த்தாள்.

"சார், நீங்க எப்பவாவது…" என்று முன்னால் வந்து ஆரம்பித்தவள், என்ன நினைத்தாளோ, நிறுத்திக்கொண்டாள். "ஒரு வாரம் கேட்டுப் பாருங்க சார். பழகிடும்."

"பழகுறதுக்கு இதென்ன செருப்பா?" என்றார் நொட்டையார்.

அவள் சிரித்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் என்ன, இரண்டு வாரம் ஆகியும் பழகவில்லை. ஒலியைக் கூட்டக் கூட்ட மேல் வீட்டிலிருந்து தரையைத் தட்டினார்கள். மனைவி தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்தாள். கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்தார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்றே மூன்று முறையும் சொன்னார்கள். முப்பத்தோரு வருடம் குறை கண்டவனிடமா இந்தப் பேச்சு? ஒரு திங்கட்கிழமை காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார். தலைப்பு: 'காசு கொடுத்து வாங்கிய ஊமை.'

நன்றாகத்தான் எழுதினார், அதையும் சொல்ல வேண்டும். 'சண்டைக்காரனுக்குக் குரல் கொடுப்பான், குடும்பஸ்தனின் வாயைப் பொத்துவான்' என்று ஒரு வரி. 'கம்பெனியில் முறையிடுவது செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று இன்னொன்று. கடைசிப் பத்தி பொருத்த வந்த பெண்ணைப் பற்றியது. 'நீலச் சட்டை, கன்னத்தில் மச்சம். வேலை தெரியாது. ஒரு மைக்கை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு விருந்தாளி மாதிரி நின்றாள். பேச்சே வரவில்லை என்றால் பழகிவிடும் என்கிறாள். ஊரார் வீட்டு ஒலியைச் சரிசெய்யக் கிளம்புமுன் இந்தப் பெண் முதலில் தன் காதைச் சோதித்துக்கொள்ளட்டும்.'

அந்த வரியை எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டுப் படித்தும் காட்டினார்.

"அந்தப் பொண்ணைப் பத்தி வேண்டாங்க" என்றாள் மனைவி.

"ஏன், உனக்குச் சொந்தமா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் வாரத்தில் நாற்பது பேர் 'இந்தக் கருத்து பயனுள்ளது' என்று அழுத்தினார்கள். ஒரு மாதத்தில் இருநூறு. மூன்றாவது மாதம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்த ரிசீவரைப் பற்றிய கருத்துகளிலேயே முதலில் வந்து நின்றது அவருடையதுதான். நொட்டையாருக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலையில் அவர் தூக்கிப் போட்ட லட்சம் பாட்டிலுக்கு ஒருத்தன் ஒரு நன்றி சொன்னதில்லை. இங்கே முகம் தெரியாதவர்கள், 'ஐயா, உங்களால் தப்பித்தோம்' என்று எழுதினார்கள். சந்தேகம் கேட்டவர்களுக்குத் தினமும் காலையில் பதில் போட்டார். மருந்துக் கடைக்காரர் ஒரு நாள், "அந்த 'ஊமை' எழுதினது நீங்கதானாமே!" என்று கேட்டபோது, மாத்திரை வாங்க வந்ததையே மறந்து அரை மணி நேரம் நின்று பேசினார்.

எதிர்த்து எழுதியவர் ஒரே ஒருவர்தான். 'நானும் இதே பெட்டி வைத்திருக்கிறேன். பேச்சு மணி மாதிரி வருகிறது. சந்தேகம் இருந்தால் வந்து கேட்கலாம்' என்று எழுதியவர், அதே ஊரில் சலூன் வைத்திருக்கும் முடிதிருத்துபவர். நொட்டையார் விடுவாரா? 'ஞாயிறு மதியம் வருகிறேன்' என்று ஊரறியப் பதில் போட்டார்.

சலூனுக்கு மாடியில் வீடு. சின்னக் கூடம்தான். முடிதிருத்துபவர், அவர் மனைவி, மனைவியின் தாயார், ஒரு சாம்பல் நிறப் பூனை. தாயாருக்கு எண்பத்திரண்டு வயதாம், ஜன்னலோரம் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். ஒயர் ஓடியிருந்த விதத்தைப் பார்த்ததுமே நொட்டையாருக்குத் தெரிந்துவிட்டது, இங்கேயும் அந்த மச்சக்காரிதான் பொருத்தியிருக்கிறாள்.

தேநீர் வந்தது. படம் ஓடியது. ஒரு கிழவரும் அவருடைய மருமகனும் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நொட்டையார் நாற்காலி நுனிக்கு வந்து, முழங்காலில் கை ஊன்றிக் கவனித்தார். திடீரென்று அந்த எண்பத்திரண்டு வயது அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முடிதிருத்துபவரும் மனைவியும்கூடச் சிரித்தார்கள்.

நொட்டையார் வெற்றியோடு நிமிர்ந்தார். "பார்த்தீங்களா? இப்ப அந்தக் கிழவன் என்ன சொன்னான்? ஒரு வார்த்தை வந்துச்சா?"

சிரிப்பு நின்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள்தான், குழந்தைக்குச் சொல்வதுபோலக் குனிந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்: "'என் பொண்ணு சமைச்சதைச் சாப்பிட்டும் உயிரோட இருக்கியே, நீதான்டா வீரன்'னு சொன்னான்ப்பா. நல்லாக் கேட்டுச்சே. உனக்குக் கேட்கலையா?"

"எங்கே, திரும்பப் போடுங்க."

மூன்று தரம் போட்டார்கள். மூன்றாவது தரம், என்ன வார்த்தை வருகிறது என்று தெரிந்தும்கூட, அவர் காதில் விழுந்தது ஓர் ஆண் குரலின் உறுமல் மட்டும்தான். யாரோ வார்த்தைகளின் ஓரத்தையெல்லாம் தேய்த்துவிட்டாற்போல இருந்தது.

முடிதிருத்துபவர் நல்ல மனிதர். கேலி செய்யவில்லை. ரிசீவரில் எதையோ தட்டியபடி, "சார், சோதனைக்கு ஒரு ஒலி போடுறேன். கேட்குற வரைக்கும் கையைத் தூக்கியே வைங்க" என்றார். விசில் மாதிரி ஓர் ஒலி தாழ்வாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. நொட்டையார் கையைத் தூக்கினார். சிறிது நேரத்தில் ஒலி நின்றுவிட்டது. கையை இறக்கினார்.

"முடிஞ்சுதா?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். முடிதிருத்துபவரின் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு காதைப் பொத்தியிருந்தாள். எண்பத்திரண்டு வயது அம்மாள், "போதும், நிறுத்துப்பா, பல்லைக் கூசுது" என்று கையை ஆட்டினார். பூனை இரண்டு காதையும் ஸ்பீக்கர் பக்கம் விறைத்துக்கொண்டு நின்றது. அறை முழுவதும் சத்தமாக இருந்தது. அவர் ஒருவருக்குத்தான் அங்கே அமைதி.

மிச்சத் தேநீரைக் குடித்தாரா, சொல்லிக்கொண்டு கிளம்பினாரா, அவருக்கே நினைவில்லை. படியில் இறங்கும்போது முடிதிருத்துபவர் கூடவே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைதான் இன்னும் கூச்சமாக இருந்தது. வழியெல்லாம் எதிரே வருகிறவர்கள் அத்தனை பேரும் தன் காதையே பார்ப்பதாகத் தோன்றியது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குக் காது கேட்கலையா?"

அவள் கை நின்றது. "யாரு சொன்னா?"

"ஒரு பூனை சொல்லுச்சு. நீ சொல்லு. எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"நாளா?" அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏழு வருஷம் இருக்கும்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 'டிங்' என்று இனிமையாக அடிக்கும் வாசல் மணி, அவர் நினைத்திருந்ததுபோல், கெட்டுப்போனதால் மாற்றப்படவில்லை. அது அவருக்குக் கேட்பதில்லை என்பதால், எருமை கத்துவதுபோல் ஒன்றை மகள் வாங்கிவந்து மாட்டினாள். மகள் போனில் கத்திக் கத்திப் பேசுவது புகுந்த வீட்டுப் பழக்கம் இல்லை. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. 'எம் பொண்டாட்டிக்கு வாய் நீளம்' என்று அதைச் சொல்லி எத்தனை பேர் முன்னால் சிரித்திருக்கிறார்! ஒருமுறை மருமகன் அவரிடம் தன் வேலை போன செய்தியைச் சொல்லியிருக்கிறான். இவர், "ரொம்பச் சந்தோஷம், ரொம்பச் சந்தோஷம்" என்று தோளைத் தட்டியிருக்கிறார்.

"ஏன்டி எங்கிட்ட யாரும் சொல்லலை?"

"சொன்னா? 'யாரோட காதைச் சொல்றே'ன்னு சண்டைக்கு வருவீங்களே. முப்பது வருஷமா அந்தக் காதைப் பத்திப் பெருமை பேசின மனுஷன்கிட்ட எப்படிங்க சொல்றது? வாய் வரலை."

நொட்டையார் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு அவளும் அன்று தொலைக்காட்சியைப் போடவில்லை.

காது மருத்துவர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு தாளில் கோடாகப் போட்டுக் காட்டினார். தாளின் இடது ஓரத்தில் சமமாகப் போகும் கோடு, வலது ஓரம் வரவர மலைச்சரிவாக விழுந்தது. கனத்த ஒலியெல்லாம் கேட்கும். விசில் மாதிரி மேலே ஏறும் மெல்லிய ஒலி போய்விட்டது. அதனால்தான் குரல் வரும், வார்த்தை வராது. "சத்தமான இடத்துல வேலை பார்த்தீங்களோ? காதடைப்பான் போட்டிருக்கலாமே" என்றார் மருத்துவர். நொட்டையார் தலையைக் குனிந்துகொண்டார்.

காதுக் கருவி வந்த அன்று, வீட்டில் உட்கார்ந்து தன் கருத்தை மறுபடி திறந்து படித்தார். 'முதலில் தன் காதைச் சோதித்துக்கொள்ளட்டும்.' நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அழித்துவிடலாம் என்று விரல் போயிற்று. அழிக்கும் பொத்தான் அங்கேயேதான் இருந்தது. ஒருமுறை தட்டினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அப்போதுதான் முதல்முதலாக அவருக்கு வந்தது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட வராத கேள்வி.

கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார். "அவங்க இப்ப வீடுகளுக்குப் போறதில்ல சார். உள் வேலைல இருக்காங்க" என்றார்கள்.

மறுநாளே போனார். முன்பக்கம் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக இருந்தது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட கிடங்கு. திரும்பி வந்த பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. எல்லாம் அதே ரிசீவர். நடுவில் ஒரு மேஜை. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒயர் மாட்டி, ஓடவிட்டுப் பார்த்து, 'குறையில்லை' என்று சீட்டு ஒட்டி, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்க சார்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு ஒன்று இருந்தது. அது எங்கேயோ போய்விட்டது. காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அவளிடம் காட்டினார். அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்புறம்தான், அதைக் கழற்றிவிட்டால் அவள் சொல்வது கேட்காதே என்று உறைத்து, தட்டுத்தடுமாறித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். "அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். நான் முன்னாடி நின்னு கேட்டா என் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னீங்க. பின்னாடி போய் நின்னு கேட்டா அம்மாதான் சொன்னாங்க. சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பா வயசு, புதுசா ஆசையா வாங்கியிருக்கார், மனசு நொந்துடுமேன்னு விட்டுட்டேன்."

நொட்டையாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டிகளைப் பார்த்தார். அவை இன்னும் மோசம்.

"இந்தக் கிளைல வீட்டு வேலைக்குப் போற ஒரே பொம்பளை நான்தான் சார். மச்சம் வேற எழுதிட்டீங்க. கூப்பிடுறவங்க எல்லாம், 'அந்தப் பொண்ணு வேண்டாம், வேற ஆளை அனுப்புங்க'ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மேலாளர் என்ன பண்ணுவார்? உள்ளே உட்கார வெச்சுட்டார்." ஒரு பெட்டியை இழுத்து ஒட்டுப் பட்டையைக் கிழித்தாள். "என் மாமியார் அதை வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினாங்க. விருந்தாளி மாதிரி நின்னாளாம்னு. இப்பவும் நான் கொஞ்சம் உட்கார்ந்தா, 'விருந்தாளிக்குத் தண்ணி வேணுமா'ன்னு கேட்குறாங்க."

"மன்னிச்சிடும்மா. இன்னிக்கே அதை அழிச்சிடுறேன்."

"அழிக்காதீங்க." அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அழிச்சா உங்களுக்கு முடிஞ்சுது. படிச்சவங்க மனசுல நான் காது கேட்காதவளாவே இருப்பேன். அதே இடத்துல, அதே தலைப்புக்குக் கீழே, என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. முடிஞ்சா எழுதுங்க. இல்லைன்னா விடுங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த பெட்டியின் ஒயரை மாட்டினாள்.

அந்த முதல் கருத்தை அவர் ஒரு மணி நேரத்தில் எழுதியிருந்தார். இதற்கு நான்கு நாள் பிடித்தது. 'காது கேட்கவில்லை' என்று எழுதுவதற்குப் பதிலாக 'சிறு குறைபாடு' என்று எழுதினார். அழித்தார். 'தவறான புரிதல்' என்றார். மனைவி பின்னால் நின்று படித்துவிட்டு, "புரிதல் எங்கேருந்து வந்துச்சு? கேட்டிருந்தாத்தானே புரியும்?" என்றாள். கடைசியில் வந்தது இதுதான்:

'மேலே நான் எழுதியது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய். பெட்டியில் குறையில்லை. எனக்குத்தான் பல வருடமாகக் காது கேட்கவில்லை. அது எனக்குத் தெரியவில்லை, என் வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. பொருத்த வந்த பெண் வேலையைச் சரியாகச் செய்தார். என் குறையை அன்றைக்கே கண்டுகொண்டும், என் மனம் நோகக்கூடாதென்று சொல்லாமல் போனார். அவரைப் பற்றி நான் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். என் பேச்சைக் கேட்டு அவரை வேண்டாம் என்றவர்கள் தயவுசெய்து இதையும் கேளுங்கள்.'

ஒற்றை நட்சத்திரத்தை ஐந்தாக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினார்.

வசவு வந்தது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒருவர். 'உங்களை நம்பிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேனே, என் நேரத்தை யார் தருவார்' என்று இன்னொருவர். 'கம்பெனி எவ்வளவு கொடுத்தது?' என்று நாலைந்து பேர். மருந்துக் கடைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையைக் கொடுக்கும்போது மட்டும் தேவைக்கு மேல் உரக்கப் பேசினார். நொட்டையார் எல்லாவற்றையும் படித்தார். ஒன்றுக்கும் எதிர்வாதம் செய்யவில்லை. திருத்தத்துக்கு 'பயனுள்ளது' என்று அழுத்தியவர்கள் பதினான்கு பேர்.

அந்தத் திருத்தத்தைத் தாளில் அச்சடித்துக்கொண்டு மேலாளரையும் போய்ப் பார்த்தார். இரண்டு முறை 'பார்க்கலாம்' என்றவர், மூன்றாவது முறை உட்காரச் சொன்னார். ஆறு வாரம் கழித்து அவள் மறுபடி வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள் என்று முடிதிருத்துபவர் மூலம் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள்தான். மிச்ச நாள் கிடங்கு.

எப்போதாவது ஒரு கேள்வி வரும். 'எங்கள் அப்பாவும் பேச்சு புரியவில்லை என்கிறார், ரிசீவரை மாற்றலாமா?' என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். 'அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கத்துவார். நானும் கத்தியிருப்பேன். ஆனாலும் சொல்லிவிடுங்கள்' என்று எழுதினார்.

கருவி மாட்டிய காதுக்கு, முன்பு ஏற்றி வைத்த ஒலியளவெல்லாம் தாங்கவில்லை. மறுபடி சரிசெய்துதரக் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். 'முன்பு வந்தவரையே அனுப்ப முடிந்தால் நல்லது' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார். சொன்ன நாளில் காலையிலேயே சட்டை மாற்றி, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் கருவிப் பையோடு நின்றார்.

"அந்தம்மா வரலையா?" என்று கேட்டார் நொட்டையார்.

அந்த ஆள் பையைத் தோள் மாற்றினார். "அவங்க பேர்லதான் சார் வேலைச் சீட்டு வந்துச்சு. விலாசத்தைப் பார்த்துட்டு எங்கிட்ட மாத்திக் குடுத்துட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லலை."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சரிதாங்க" என்றார் நொட்டையார். முகம் சூடேறியது காதுவரை தெரிந்தது. "உள்ளே வாங்க. பெட்டி அங்கே இருக்கு."